லினக்ஸ் பழகுவோம்

உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? இருந்தால், லினக்ஸ் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

பெயர்தான் புதிது. ஆள் பழைய ஆள். காலையில் அலாரம் அடிக்கிறது. மெயின்லேண்டில் இருக்கும் அம்மாவோடு பேசுகிறோம். பணம் அனுப்புகிறோம். எல்லாம் போனில் நடக்கிறது. அந்தப் போனுக்குள் அடித்தளமாக இருந்து வேலை செய்வது லினக்ஸ். உலகத்தில் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று உண்டு. 2017 நவம்பரில் வந்த பட்டியலில் அந்த 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடின.

அதே லினக்ஸை மேசைக் கம்ப்யூட்டரிலும் மடிக்கணினியிலும் போட்டு நாமும் பயன்படுத்தலாம். காசு கட்ட வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

துறைமுகமும் கம்ப்யூட்டரும்

ஹாடோ துறைமுகத்துக்குப் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து ஒரு கப்பல் வருகிறது. கொல்கத்தாவிலிருந்து இன்னொன்று வருகிறது. எது எந்த இடத்தில் நிற்பது? எந்தச் சரக்கை முதலில் இறக்குவது? கிரேன் யாருக்கு? ஆட்கள் எந்த வழியாக இறங்குவது? இதைச் சொல்ல ஓர் அலுவலகம் இல்லை என்றால் துறைமுகமே குழம்பிவிடும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான். நாம் தட்டும் எழுத்து உள்ளே வருகிறது. பாட்டு வெளியே போகிறது. பிரிண்டர் தன் வேலையைக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கி, வரிசை போட்டுக் கொடுக்க ஒரு நிர்வாகி வேண்டும். அந்த நிர்வாகிக்கு 'இயங்குதளம்' என்று பெயர். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று.

வலையும் பூட்டிய பெட்டியும்

லினக்ஸை முதலில் எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் மாணவர். இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாக 1991 ஆகஸ்ட் 25 அன்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21.

அதற்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 'குனு' என்ற பெயரில் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியிருந்தார். இயங்குதளத்துக்கு வேண்டிய கருவிகளை அவரும் நண்பர்களும் ஒவ்வொன்றாக எழுதினார்கள். நடுவில் இருக்க வேண்டிய கரு மட்டும் தயாராகவில்லை. லினஸ் எழுதியது அந்தக் கரு. இரண்டும் சேர்ந்தன. அதனால் 'குனு/லினக்ஸ்' என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிச் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் வாயில் சட்டென்று வருவது லினக்ஸ்தான்.

ஸ்டால்மன் ஓர் உரிமப் பத்திரமும் எழுதினார். 1992-இல் லினக்ஸையும் லினஸ் அந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்தப் பத்திரம் என்ன சொல்கிறது?

மீன் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிச்சு எப்படிப் போட்டது என்று கண்ணால் பார்க்கலாம். கிழிந்தால் நாமே பின்னலாம். கண்ணியைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து அதே மாதிரி ஒன்று பின்னிக்கொள்ளலாம். யாரும் வழக்குப் போட மாட்டார்கள். லினக்ஸ் அப்படிப்பட்டது. பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், உங்களுக்குக் கிடைத்த இந்த உரிமைகளை அவருக்கும் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்டதைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம்.

விண்டோஸ் பூட்டிய பெட்டி. வேலை செய்யும், நன்றாகவே செய்யும். ஆனால் உள்ளே பார்க்க முடியாது. காசு கொடுத்து வாங்க வேண்டும். நகல் எடுத்து நண்பருக்குக் கொடுத்தால் சட்டப்படி குற்றம்.

தீவில் இருக்கும் நமக்கு இதில் என்ன?

விண்டோஸ் 10 என்பது பல கோடிப் பேர் பயன்படுத்திய இயங்குதளம். அதற்கு அந்தக் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. வீட்டில் பயன்படுத்துவோருக்கு ஓர் ஆண்டு நீட்டிப்பு தனியாக உண்டு. ஆதரவு முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அதை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 11 போடலாமே என்றால், பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை அது ஏற்றுக்கொள்வதில்லை.

அப்போது என்ன சொல்வார்கள்? "பழசைத் தூக்கிப் போடுங்க, புதுசு வாங்குங்க."

டாலிகஞ்சில் நாங்கள் கூடிப் படிக்கும் இடத்தில் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒருவர் தனக்கு வேண்டாம் என்று கொடுத்தது. ரேம் என்னும் நினைவகம் 4 ஜிபி. பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக எழுந்திருக்கும். கடையில் காட்டினோம். புதுசுதான் வாங்க வேண்டும் என்றார்கள். புதுசுக்கு எங்கே போவது? எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பழசைத் தூக்கிப் போடுவதும் லேசு இல்லை. தீவில் குப்பை எங்கே போகும்? இங்கேயே கிடக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் இப்போது லினக்ஸ் ஓடுகிறது. சுயஉதவிக் குழு அக்காக்கள் மாதக் கணக்கை அதில் எழுதுகிறார்கள்.

தீவுக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இதில் உண்டு. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலுக்கு அடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேயரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் முதலிய தீவுகளையும் அது இணைக்கிறது. போர்ட் பிளேயருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். கேபிள் வருவதற்கு முன் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தோம். ஒரு சின்னப் படம் இறங்கவே தவம் கிடந்த காலம் அது. இப்போதும் எல்லாத் தீவிலும் எல்லா வீட்டிலும் நல்ல இணையம் இல்லை. லினக்ஸுக்கு அது தடை இல்லை. ஒருவர் ஒரு தடவை இறக்கினால் போதும். பென்டிரைவில் போட்டு அடுத்த தீவுக்குக் கப்பலில் கொடுத்து அனுப்பலாம். சட்டப்படி சரிதான். அந்தப் பத்திரமே அதற்கு அனுமதி கொடுக்கிறது.

எந்த லினக்ஸ்?

ஒரே மாவில் இட்லி ஊற்றலாம், தோசை வார்க்கலாம், ஊத்தப்பம் போடலாம். லினக்ஸ் கருவும் அந்த மாவு மாதிரி. அதை வைத்து உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் என்று பல வகை செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்ற வகையை உருவாக்கியது. 2007-இல் அது வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்களே, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கேரளத்தில் அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்புகள் லினக்ஸில்தான் நடக்கின்றன.

புதியவருக்கு லினக்ஸ் மின்ட் எளிது. அதில் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' என்று ஒரு வகை உண்டு. பழைய கம்ப்யூட்டருக்கு அதுதான் பொருத்தம். நினைவகம் 2 ஜிபி இருந்தாலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

போடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கலாம்

புடவைக் கடையில் விரித்துப் பார்த்துவிட்டுத்தானே வாங்குகிறோம். லினக்ஸையும் அப்படிப் பார்க்கலாம்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் படம், பாட்டு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அழிந்துவிடும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, லினக்ஸ் மின்டை அதில் 'எழுதி'த் தரச் சொல்லுங்கள். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. அதற்கென்று உள்ள மென்பொருளால் எழுத வேண்டும்.

பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி, பொத்தானை அழுத்தி எழுப்புங்கள். எழும்போதே எஃப் 12 பொத்தானை விட்டு விட்டுத் தட்டுங்கள். சில கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் எஃப் 12-க்குப் பதில் வேறு பொத்தான் இருக்கும். எந்த இடத்திலிருந்து எழ வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சிறிது நேரத்தில் லினக்ஸ் திரை வந்துவிடும்.

இப்போது லினக்ஸ் பென்டிரைவிலிருந்து ஓடுகிறது. உள்ளே உள்ள பழைய விண்டோஸ், உங்கள் ஃபைல்கள் எல்லாம் தொடாமல் அப்படியே இருக்கின்றன. இங்கும் அங்கும் அழுத்திப் பாருங்கள். பாட்டுச் சத்தம் வருகிறதா? வைஃபை பிடிக்கிறதா? எழுத்துப் பொத்தான்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா? பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பென்டிரைவை உருவிவிடுங்கள். பழையபடி விண்டோஸ் வரும்.

பிடித்திருந்தால் உள்ளே போடலாம். இங்கே நிதானம் வேண்டும். போடும்போது, "வட்டில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டுப் போடவா?" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். ஆமாம் என்றால் எல்லாம் போய்விடும். கல்யாணப் படம், ஆதார் நகல், குழந்தையின் சான்றிதழ், எதுவும் திரும்ப வராது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். பழைய மடிக்கணினியில் பேட்டரி செத்திருக்கும். நடுவில் கரண்ட் போனால் வேலை பாதியில் நிற்கும்.

கறுப்புத் திரை

சுட்டியால் அழுத்தி அழுத்தியே லினக்ஸில் எல்லாம் செய்யலாம். கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. இணையம் பார்க்கப் ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது. ஆனாலும் கறுப்புத் திரையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போகிறேன். காரணம், அது எழுத்தால் ஓடுவது. நாம் எழுதினால் அது கேட்கும்.

கன்ட்ரோல், ஆல்ட், டி. இந்த 3 பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதற்கு 'டெர்மினல்' என்று பெயர். முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கும். கம்ப்யூட்டரின் பெயர் இருக்கும். கடைசியில் ஒரு டாலர் குறி இருக்கும். பயப்படாதீர்கள், அது காசு கேட்கவில்லை. "நான் தயார், சொல்லுங்கள்" என்று பொருள்.

ஆங்கில எழுத்து 26-உம் தெரிய வேண்டுமா? வேண்டாம். இங்கே வரும் கட்டளைகளுக்கு 16 எழுத்து போதும். எல்லாம் சின்ன எழுத்து. லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு.

முதலில் 'டி ஏ டி இ' என்ற 4 எழுத்தைத் தட்டுங்கள். என்டர் பொத்தானை அழுத்துங்கள். இன்றைய தேதியும் நேரமும் வரும்.

அடுத்து 'பி டபிள்யூ டி'. இதைச் சொன்னதும் எங்கள் மையத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பி.டபிள்யூ.டி. ஆபீஸ் தெரியாத ஆள் இந்தத் தீவில் உண்டா? மஸ்தூராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கேட்டார், "இதுக்குள்ளயும் அவங்க வந்துட்டாங்களாப்பா?" அது வேறு, இது வேறு. லினக்ஸில் இதற்கு, "நான் இப்போது எந்த இடத்தில் நிற்கிறேன்?" என்று பொருள். நிற்கும் இடத்தின் முகவரி விடையாக வரும். ஒவ்வொருவருக்கும் லினக்ஸில் ஒரு வீடு உண்டு. திறந்தவுடன் நாம் நிற்பது அந்த வீட்டில்தான். அந்தப் பெரியவருக்கு இந்த ஒரு கட்டளை மட்டும் மறப்பதே இல்லை.

வீட்டில் என்ன சாமான் இருக்கிறது? 'எல் எஸ்' என்று தட்டுங்கள். உள்ளே உள்ளவற்றின் பெயர்கள் வரிசையாக வரும்.

புதிதாக ஓர் அறை கட்டலாமா? 'எம் கே டி ஐ ஆர்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அறையின் பெயரை எழுதுங்கள். கம்ப்யூட்டரில் அறைக்கு ஃபோல்டர் என்று பெயர். அதன் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். 'கணக்கு' என்று எழுதி என்டர் அழுத்துங்கள். என்ன நடந்தது? ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அடுத்த டாலர் குறி வந்து நிற்கும். சொன்ன வேலை சரியாக முடிந்தால் லினக்ஸ் பேசாது. தவறு இருந்தால்தான் பேசும். 'எல் எஸ்' போட்டுப் பாருங்கள். 'கணக்கு' அங்கே இருக்கும்.

எங்கள் அக்கா ஒருவர் 'பழைய கணக்கு' என்று பெயர் வைக்கப் பார்த்தார். 'பழைய' என்று ஓர் அறையும் 'கணக்கு' என்று ஓர் அறையுமாக இரண்டு வந்துவிட்டது. லினக்ஸுக்கு இடைவெளி விட்டால் ஒரு பெயர் முடிந்தது என்று பொருள். ஆகவே 'பழையகணக்கு' என்று சேர்த்து எழுதுங்கள்.

'சி டி' என்று தட்டி, இடைவெளி விட்டு, 'கணக்கு' என்று எழுதினால் அந்த அறைக்குள் போவீர்கள். வெறும் 'சி டி' என்றால் எங்கே இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம்.

'சி பி' நகல் எடுக்கும். 'எம் வி' இடம் மாற்றும், பெயரையும் மாற்றும். இரண்டுக்கும் இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். முதலில் எதை, அடுத்து எங்கே.

'ஆர் எம்' அழிக்கும். இதைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். சுட்டியால் அழித்தால் குப்பைக் கூடையில் போய்க் கிடக்கும், திரும்ப எடுக்கலாம். 'ஆர் எம்' அழித்தால் கூடையும் இல்லை, ஒன்றும் இல்லை.

கட்டளையைத் தவறாக எழுதிவிட்டால்? "அப்படி ஒரு கட்டளை கிடைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லும். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கெட்டுப் போகாது. மேல்நோக்கிய அம்புப் பொத்தானை அழுத்துங்கள். முன்பு எழுதியது திரும்ப வரும். பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பலாம்.

ஒரு கட்டளை மட்டும் அதிகாரம் உள்ளது. 'எஸ் யூ டி ஓ'. இதை முன்னால் போட்டால் வீட்டுக்காரர் என்ற நிலை மாறி, துறைமுக அதிகாரி ஆகிவிடுவீர்கள். கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றும் வேலைக்கு இது வேண்டும். கடவுச்சொல் கேட்கும். சில லினக்ஸ் வகைகளில், நீங்கள் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. புள்ளிகூடத் தெரியாது. பொத்தான் பழுதோ என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். முழுதாகத் தட்டி என்டர் அழுத்துங்கள். போனில் யாரோ ஒருவர், "எஸ் யூ டி ஓ என்று தொடங்கி இதைத் தட்டுங்கள்" என்று சொன்னால், அது என்ன செய்யும் என்று தெரியாமல் தட்டாதீர்கள். படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைப்பதும் அதுவும் ஒன்றுதான்.

தமிழில் எழுத

அமைப்புப் பகுதியில் போய்த் தமிழைச் சேர்க்க வேண்டும். 'தமிழ் 99' என்ற விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட முறை இது. பாடப் புத்தகத்தில் உயிர்மெய் படித்தோமே, அதேதான். 'க' தட்டி 'ஆ' தட்டினால் 'கா' வரும். 'ம' தட்டி 'ஈ' தட்டினால் 'மீ' வரும். உயிர் எழுத்து இடது கையில், மெய் எழுத்து வலது கையில். ஆங்கிலம் தெரிந்தவர்களைவிட, புதிதாக எழுத்துப் படித்த நாம் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளலாம்.

திரையில் உள்ள பட்டியல்களையும் தமிழில் வைக்கலாம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தது. விட்டுப்போன இடத்தில் ஆங்கிலமே நிற்கும். கறுப்புத் திரையில் மட்டும் தமிழ் சில சமயம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து தெரியும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பெயர் உள்ளே சரியாகத்தான் பதிந்திருக்கும்.

எது நடக்காது?

லினக்ஸில் எல்லாம் நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். நடக்காததும் உண்டு. கடைக் கணக்குக்குப் போடும் டேலி விண்டோஸுக்காகச் செய்தது. சில பிரிண்டர்கள் ஒத்துழைக்காது. வைரஸே வராது என்பதும் சரியல்ல. விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் இதில் ஓடாது, அவ்வளவுதான். ஏமாற்றுக்காரன் அனுப்பும் இணைப்பை அழுத்தினால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. ஆபீஸ் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் விண்டோஸும் கற்றுக்கொள்வது நல்லது. அங்கே அதுதான் அதிகம்.

மேலும் படிக்கத் தமிழிலேயே வழி உண்டு. 'கணியம்' என்ற மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. காசு இல்லாமல் படிக்கலாம். அச்சடித்தும் கொடுக்கலாம். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறது. அங்கே நடப்பது நம் தீவிலும் நடக்கலாம். ஒரு கம்ப்யூட்டரும் 4 பேரும் போதும்.

முதல் வாரத்தில் இவ்வளவு செய்து பாருங்கள். 'குடும்பம்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். லிப்ரே ஆபீஸைத் திறந்து, வீட்டில் உள்ளவர்களின் பெயர், பிறந்த தேதி, ரேஷன் அட்டை எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதி அதில் சேமியுங்கள். டெர்மினலைத் திறந்து 'சி டி', 'எல் எஸ்' போட்டு அந்த ஃபைலைத் தேடிக் கண்டுபிடியுங்கள். 'சி பி' போட்டு நகல் ஒன்று எடுங்கள். முடிந்ததும் கரண்ட் பொத்தானை நேரடியாக அணைக்காதீர்கள். பட்டியலில் நிறுத்தும் இடத்தை அழுத்தி, திரை இருளும் வரை பொறுத்திருந்து, பிறகு அணையுங்கள்.